செத்தவன் வீடு வரும் சனிக்கிழமை

ஷார்ஜா
12.1.1994

பிரியமுள்ள விமலாவுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே எனக்குச் சுகக்கேடு ஒன்றுமில்லை. அம்மையின் முட்டுவலிக்கும் உன் தலைவலிக்கும் என்ன மருந்து நடக்கிறது என்று எழுது. இங்கே நல்ல குளிர். வெல்டிங் தீக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் சண்டை போடுகிறார்கள்.

பொன்னப்பன் அண்ணன் ஊருக்கு வருகிறார். அவர் கையில் ஒரு டெக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நம் டி.வி.யோடு இணைத்தால் கேசட் போட்டுப் படம் பார்க்கலாம். கூடவே ஒரே ஒரு கேசட் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பழைய சாமான் விற்கிற கடையில் அதன் உறையைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். சின்ன வயதில் நெய்யாற்றின்கரைக் கொட்டகையில் நானும் மாமா மகன் ஜெயதாஸும் பார்த்த படம். கறுப்பு வெள்ளை. எந்தத் தேசத்துப் படம் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. உப்பளத்தில் வேலை செய்து செத்துப்போன ஆண்கள், புதைத்த இடத்திலிருந்து எழும்பி, அவரவர் வீட்டைப் பார்த்து நடந்து வருவார்கள். அவர்களுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும், வீட்டு வழி மட்டும் மறக்காது. அவர்கள் தொட்டால் தொட்டவர்களும் செத்து எழும்புவார்கள். ஊரே கதவில் பலகை அடித்துக்கொண்டு உள்ளே கிடக்கும். ஒருத்தி மட்டும் பலகை அடிக்க மாட்டாள். கடைசியில் அவளுடைய புருஷன் வந்து கதவைத் தட்டுவான்.

அந்த இடத்தில் நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். ஜெயதாஸ் பார்த்தான். பார்த்ததோடு விட்டானா? பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைக் கதையாகச் சொல்லியே பெரிய ஆளாகிவிட்டான். கூட்டிப்போனது என் அப்பா, பேர் கிடைத்தது அவனுக்கு. ஒவ்வொரு தடவையும் கடைசியில், "இஞ்சதான் எலியா கண்ணப் பொத்தினான், கேட்டியளா" என்று ஒரு வரி சேர்ப்பான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அதனால் கவனமாகக் கேள். டெக்கில் வேறு எந்தப் படம் வேண்டுமானாலும் பாருங்கள். இந்தக் கேசட்டை மட்டும் நான் வரும்வரை பிரிக்காதே. நான் வந்து, என் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஊரைக் கூட்டி, நானே கதை சொல்லிக் காட்டுவேன். ஜெயதாஸ் கீழே பாயில் இருந்து கேட்கட்டும்.

போன தடவை நான் வந்து தட்டியபோது கதவைத் திறந்து, "ஆரு வேணும்?" என்று கேட்டவள் நீ. இந்தத் தடவை அப்படிக் கேட்காமலிருக்க என் புதுப் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன்.

அம்மைக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு.

உன்
எலியா

*

பாறசாலை
6.2.1994

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். நானும் மாமியும் சுகம். மாமிக்கு முட்டில் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். உங்கள் போட்டோவைப் பார்த்து மாமி, "எலும்பும் தோலுமா இருக்கான்" என்று ஒரு பாடு அழுதார்கள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

பொன்னப்பன் அண்ணன் எல்லாம் கொண்டுவந்து தந்தார். கேசட்டை நான் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தது உண்மை. ஆனால் டெக்கை இணைக்க எனக்கும் தெரியாது, பொன்னப்பன் அண்ணனுக்கும் தெரியாது. தனுவச்சபுரத்தில் கேசட் வாடகைக் கடை போட்டிருக்கிற ஜெயதாஸ் அண்ணனுக்கு மாமி ஆளனுப்பிவிட்டார்கள். அவர் வந்து வயரெல்லாம் மாட்டிவிட்டு, "ஓடுதான்னு பாக்க ஒரு கேசட்டு வேணுமே அத்தே" என்றார். மாமி அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். "உறையப் பிரிச்சது நானாக்கும், அவ இல்லன்னு எழுது" என்று பக்கத்தில் நின்று சொல்கிறார்கள். எழுதிவிட்டேன்.

உறையைக் கண்டதும் ஜெயதாஸ் அண்ணன் முற்றத்தில் போய்ப் பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டார். டி.வி.யை ஜன்னலோரம் திருப்பி வைத்தோம். படத்தில் பேசுகிற பாஷை ஒருவருக்கும் புரியவில்லை. கீழே அரபி எழுத்து ஓடுகிறது. அதனால் ஜெயதாஸ் அண்ணன் பக்கத்தில் நின்று கதை சொன்னார். கடைசியில் அந்தப் புருஷன் கதவுக்கு வெளியே நின்று வாயைத் திறக்கிறான், சத்தமே வருவதில்லை. அந்த இடத்தில் ஜெயதாஸ் அண்ணன் குரலை மாற்றி, "பசிக்குதுடீ" என்றாரே, பிள்ளைகள் மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் ஓடிவிட்டார்கள்.

"கடைசி எக்காளம் தொனிக்காம செத்தவன் எப்பிடி எழும்புவான்? இது வேதத்துக்கு விரோதமாக்கும்" என்று மாமி சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள்
விமலா

*

ஷார்ஜா
24.2.1994

விமலாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஜெயதாஸின் பேர் எத்தனை தடவை வருகிறது என்று நீயே பார். என் பேர் ஒரு தடவைகூட இல்லை. டெக் வாங்கியது அவனா? கேசட் கண்டுபிடித்தது அவனா?

சில விஷயங்களுக்குப் பதில் எழுது. அவன் நின்றுகொண்டு சொன்னானா, என் நாற்காலியில் இருந்து சொன்னானா? அவனுக்குக் காப்பி எந்தக் கிளாஸில் கொடுத்தாய்? பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ் நான் கொண்டுவந்தது, அதை எடுக்க வேண்டாம். அவன் கதை சொல்லும்போது நீ எங்கே இருந்தாய்? நான் கண்ணைப் பொத்தின விஷயத்தை இப்போதும் சொன்னானா? சொன்னால் யாரெல்லாம் சிரித்தார்கள்?

எனக்குப் பொறாமை என்று நினைப்பாய். பொறாமைதான். நான் இங்கே மூன்றடுக்குக் கட்டிலில் மேல் தட்டில் கிடக்கிறேன். அவன் என் வீட்டு முற்றத்தில் நின்று என் படத்தை என் பெண்சாதிக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இதற்குப் பொறாமைப்படாவிட்டால் நான் அந்தப் படத்தில் நடந்து வருகிறவன்தான்.

எலியா

*

பாறசாலை
17.3.1994

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். மாமிக்கு முட்டு தேவலை. எனக்கும் தலைவலி குறைவு.

கேட்டதற்கெல்லாம் பதில். ஜெயதாஸ் அண்ணன் நின்றுகொண்டேதான் சொன்னார். காப்பி ஸ்டீல் டம்ளரில் கொடுத்தேன். நான் அடுக்களை வாசலில் நின்றேன், அங்கிருந்து டி.வி. பாதிதான் தெரியும். கண்ணைப் பொத்தின கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாமிதான் அதிகம்.

ஐந்தாறு சனிக்கிழமை ஆகியும் கூட்டம் குறையவில்லை. ஜெயதாஸ் அண்ணன் கடையிலிருந்து புதுக் கலர்ப் படம் ஒன்று கொண்டுவந்தார், பாதியிலேயே, "நம்ம செத்தவனப் போடு" என்று சத்தம் போட்டார்கள். ஏன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவள் கதவைத் திறப்பதோடு படம் முடிந்துவிடுகிறது. உள்ளே வந்தவன் அவளைத் தொட்டானா, அவள் செத்தாளா, இரண்டு பேரும் சோறு தின்றார்களா, ஒன்றும் காட்டவில்லை. அதைப் பற்றிக் குளத்தங்கரையில் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் சண்டை. சண்டை தீராததால் திரும்பவும் பார்க்க வருகிறார்கள்.

உங்கள் கூட வேலை செய்கிற செல்லையனின் மனைவி ஜெஸியை உங்களுக்குத் தெரியுமல்லவா? கெட்டிப்போனது அமரவிளைக்கு என்றாலும் அம்மை வீடு நமக்கு அடுத்த வீடுதானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வந்துவிடுகிறாள். கடைசி இடத்தில் எல்லோரும் அலறும்போது அவள் மட்டும் அலறுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "எனக்கு அவனப் பாத்தா பயம் வரல்ல விமலா, பாவம் ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கான்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கும் பயம் போய்விட்டது.

உங்கள்
விமலா

*

ஷார்ஜா
8.4.1994

விமலாவுக்கு,

ஈஸ்டர் ஆராதனைக்குப் போனாயா? இங்கே அன்றைக்கும் வேலை. நான் சுகம்தான்.

"மாமிதான் அதிகம்" என்று நீ எழுத வேண்டிய அவசியம் என்ன? நீ சிரித்தாயா என்பதை எழுதவில்லை.

அந்தக் கடைசி இடத்தில் ஜெயதாஸ் இப்போதும் "பசிக்குதுடீ" என்றுதான் சொல்கிறானா, மாற்றிவிட்டானா? ஒரே கதையை வாரந்தோறும் அப்படியே சொல்கிற ஆள் இல்லை அவன். எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றுவான். யாருடைய முகத்தைப் பார்க்கிறான்?

இன்னொன்று. கூட்டம் நடக்கும்போது உன் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் நம் சபைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீ திரைக்குப் பின்னால் நின்று கதை படித்தாய். ஆளைப் பார்க்காமல் அந்தக் குரலுக்காகத்தான் நான் பெண் கேட்டு வந்தேன். அந்தக் குரலை நான் கேட்டதுபோல் வேறொருத்தன் கேட்க வேண்டாம் என்றுதான் அடுத்த வருஷம் நாடகம் வேண்டாம் என்றேன். அது உனக்கு நினைவிருக்கட்டும்.

எலியா

*

பாறசாலை
15.5.1994

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். மாமி சுகம். பலாமரத்தில் சக்கை நிறையக் காய்த்திருக்கிறது, தின்ன ஆளில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

ஜெயதாஸ் அண்ணனைப் பற்றி இனி என்னிடம் கேட்க வேண்டாம். சொல்ல ஒன்றுமில்லை.

கதை நடக்கிறது. "பசிக்குதுடீ" இப்போது இல்லை, நீங்கள் நினைத்ததுபோல் மாறிவிட்டது. வாய் திறந்து சத்தம் வராமல் நிற்கிறானே, அந்த இடத்தில் இப்போது ஒருவரும் அலறுவதில்லை. கெட்டியவன் கல்ஃபிலோ பம்பாயிலோ இருக்கிற பெண்கள்தான் முன்னால் இருக்கிறார்கள். முந்தானையால் மூக்கைச் சிந்துகிறார்கள். போன வாரம் நம் சபை உபதேசியார்கூட வந்திருந்தார். படத்தைக் கண்டிக்கத்தான் வந்தாராம். முடிந்ததும், "இன்னொருக்கா அந்தக் கதவு வருத இடத்தப் போடுங்க" என்றார்.

உங்கள் நாற்காலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதில் வேறு எந்த ஆணும் உட்காரவில்லை.

நான் சிரித்தேனா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

உங்கள்
விமலா

*

ஷார்ஜா
11.6.1994

விமலாவுக்கு,

நான் சுகமாயில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, மனசுதான்.

"சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதிய பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கதையைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஒருத்தன் சொல்கிற கதையைக் கேட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள், நீ சிரிப்பதை விட்டுவிட்டாய். இதற்கு அர்த்தம் தெரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை.

கடிதம் கிடைத்த அன்றைக்கே டெக்கையும் கேசட்டையும் பெரிய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டு. சாவியை அம்மையிடம் கொடு. இனி நான் வரும்வரை நம் முற்றத்தில் படம் கிடையாது. கேட்டால் ரிப்பேர் என்று சொல்லு. ஜெயதாஸ் ரிப்பேர் பார்க்க வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லு.

செல்லையன் இப்போது லீவில் ஊரில்தான் இருக்கிறான். அம்மைக்கு ஏதாவது தேவையென்றால் அவனிடம் சொல்லியனுப்பு.

எலியா

*

பாறசாலை
3.7.1994

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். மழை ஓயவில்லை. மாமிக்கு முட்டில் மறுபடியும் நீர் கோத்திருக்கிறது.

நீங்கள் சொன்னபடி பூட்டிவிட்டேன். சாவி மாமியிடம் இருக்கிறது. ரிப்பேர் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை, அத்தான் பூட்டச் சொன்னார் என்றே சொல்லிவிட்டேன்.

அப்படியும் சனிக்கிழமை எல்லோரும் வந்துவிட்டார்கள். படம் கிடையாது என்றேன். "படம் வேண்டாம் பிள்ளே, கத போதும்" என்று ஜெஸி சொல்லிப் பாயை விரித்துவிட்டாள். மழைக்கு முற்றத்தில் இருக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். டி.வி. இருட்டாகக் கிடந்தது. கதை நடந்தது. முன்னைவிட நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

நீங்கள் பூட்டச் சொன்னது டெக்கையும் கேசட்டையும் மட்டும்தான்.

உங்கள்
விமலா

*

ஷார்ஜா
14.8.1994

விமலகுமாரிக்கு,

செல்லையன் லீவு முடிந்து வந்துவிட்டான். ஜெஸி வாராவாரம் கேட்டு வந்த கதையை அவனுக்கு வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவன் நேற்று எங்கள் அறையில் எல்லோரையும் உட்காரவைத்து அதைச் சொன்னான். நல்லாயிருக்கு என்று அடுத்த அறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். கதை சொல்கிற ஆள் பிரம்பு நாற்காலியில் இருந்துதான் சொல்லும் என்று ஜெஸி சொன்னாளாம். அதையே என்னால் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

செத்தவன் வந்து கதவைத் தட்டுகிறான். வாயைத் திறக்கிறான். செல்லையன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "என் முகத்தப் பாக்காண்டாம் பிள்ளே, கையப் பிடிச்சுப் பாரு. முகம் மாறும், கை மாறாது."

நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

அந்த வார்த்தை யாருடையது என்று உனக்குத் தெரியும். போன தடவை நீ என்னை அடையாளம் தெரியாமல் "ஆரு வேணும்?" என்று கேட்டாயே, அதற்குப் பிறகு, நான் இங்கே திரும்பி வருவதற்கு முந்தின நாள், நம் அடுக்களையில் உன்னிடம் சொன்னது. அங்கே நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்தது. என் கையில் இந்தத் தீக்காய வடுவைத் தொட்டுக்கொண்டு நீ அழுதாய்.

அதை ஜெயதாஸின் வாயில் போட்டது யார்? அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் நீங்கள் எவ்வளவு நேரம், எவ்வளவு நெருங்கி இருந்து பேசியிருக்க வேண்டும்? என் நாற்காலியை எடுத்தான், என் படத்தை எடுத்தான், அது போகட்டும். அதை ஏன் கொடுத்தாய்?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

எலியா

*

அம்பூரி
22.10.1994

எலியா அளியனுக்கு மச்சான் ஜெயதாஸ் எழுதுவது,

நான் சுகம். நீ சுகமாயிருக்க வழியில்லை என்று அத்தை சொல்லியனுப்பினார்கள். நீ எழுதின கடிதத்துக்குப் பிறகு விமலா வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்றும், உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றும், காரணம் நான்தான் என்றும் ஆள் வந்து சொன்னான். சிரிப்பதா உன்னை அடிப்பதா என்று தெரியவில்லை.

எலே, கடை நஷ்டமாகி, ஈஸ்டர் முடிந்த வாரமே அதை மூடிவிட்டு என் பெண்சாதி வீட்டாரின் ரப்பர் தோட்டம் பார்க்க அம்பூரிக்கு வந்துவிட்டேன். இங்கே அட்டைக்கடியும் மழையுமாகக் கிடக்கிறேன். எட்டு சனிக்கிழமையோ ஒன்பதோதான் உன் வீட்டில் கதை சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே கதை சொல்கிற ஆள் உன் பெண்சாதியாக்கும்.

நான் போனதும் முதல் சனிக்கிழமை ஊமைப்படம் மாதிரி ஓட்டியிருக்கிறார்கள். பாதியில் ஜெஸியும் மற்றவர்களும் விமலாவைப் பிடித்து நாற்காலியில் இருத்திவிட்டார்கள். ஆள் கூடுகிற இடத்தில் அவள் சத்தம் கேட்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாயாமே. அதனால்தான் உனக்குச் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. உன் காதுக்கு எட்டாமலிருக்க ஜெஸியும் செல்லையனிடம் சொல்கிற ஆளின் பேரைச் சொல்லவில்லையாம்.

ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது நானும் ஒரு சனிக்கிழமை போய்ப் பாயில் இருந்து கேட்டேன். எனக்கு வயிறு எரிந்தது, சத்தியம். இத்தனை வருஷம் என் கதையாக இருந்தது. நான் பேயைக் காட்டினேன், அவள் மனுஷனைக் காட்டுகிறாள். அந்தக் கடைசி இடம் வந்ததும் என்னால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். நீ வேண்டுமானால் ஊரெல்லாம் சொல்லு.

ஜெயதாஸ்

*

ஷார்ஜா
13.11.1994

பிரியமுள்ள விமலாவுக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஜெயதாஸின் கடிதம் வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு குழாயைக் கோணலாக வெல்டு செய்து ஏச்சு வாங்கினேன்.

நான் எழுதின அந்தக் கடிதத்துக்கு என்ன மன்னிப்புக் கேட்டாலும் போதாது. கேட்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அது ஆள் மாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது எனக்கு அந்தச் செத்தவன்மேல் பொறாமை. அவன் வாரம் தவறாமல் நம் வீட்டுக்கு வருகிறான். நான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறேன். அவன் வருவதற்கு முன்பே நீ கதவருகில் நிற்கிறாய். என்னிடம் "ஆரு வேணும்?" என்று கேட்டாய்.

செல்லையனிடம் மறுபடியும் கதையைச் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை எழும்பிப் போகாமல் முழுக்கக் கேட்டேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஊரில் வீடுள்ளவர்கள். கதவு திறந்ததும் கதை நின்றுவிட்டது. "பெறவு?" என்று கேட்டேன். "பெறவு அங்க சொல்லமாட்டாவளாம்" என்றான். ஒருவரும் விளக்கை அணைக்க எழும்பவில்லை.

கதவு திறந்த பிறகு என்ன ஆகிறது விமலா?

ஜனவரி ஏழாம் தேதிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் வீடு வந்துவிடுவேன். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

எலியா

*

பாறசாலை
4.12.1994

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். மாமிக்கு முட்டு தேவலை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோணல் குழாய் வரும் இடத்தில் சிரித்து, மற்ற இடத்தில் அழுதார்கள். நான் இரண்டும் செய்யவில்லை.

இவ்வளவு நாள் எழுதாமலிருந்தது கோபத்தால்தான். அது இன்னும் தீரவில்லை. ஜெயதாஸ் அண்ணனோடு என்னைச் சேர்த்து வைத்து யோசித்தீர்களே, அதைவிட எனக்கு வலித்தது வேறு. கதை நன்றாக இருந்தது என்று உங்களுக்கே தெரிந்தது. அதைச் சொன்னது நானாக இருக்கலாம் என்று ஒரு தடவைகூட உங்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் குரலுக்காகத்தான் பெண் கேட்டேன் என்று எழுதினவர் நீங்கள்.

அந்த வார்த்தையை ஏன் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். முதல் தடவை நான் நாற்காலியில் இருந்தபோது எல்லாம் சுலபமாக வந்தது. கடைசியில் அவன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒரு புருஷன் திரும்பி வந்து கதவுக்கு வெளியே நின்று என்ன சொல்வான்? நம் கல்யாணம் முடிந்து ஆறு வருஷம். அதில் நீங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் என்னிடம் என்ன பேசினீர்கள் என்று அந்த நேரத்தில் தேடிப் பார்த்தேன். பெட்டி எங்கே, சோப்பு எங்கே, அவனுக்கு எதற்குக் காப்பி கொடுத்தாய், இவன் ஏன் வந்தான். இதற்கு நடுவில் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அது என்னுடையது அத்தான். என்னிடம் சொன்னபோதே எனக்குத் தந்துவிட்டீர்கள். நான் அதை எடுத்துச் செலவழித்தேன். செலவழித்தும் குறையவில்லை.

கதவு திறந்த பிறகு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கதையில் நான் சொல்வதில்லை. கடிதத்திலும் எழுத மாட்டேன்.

சபைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். போகிறேன். இது உங்களிடம் அனுமதி கேட்பதல்ல, தெரிவிப்பது.

எனக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம். நீங்கள் வருவது சனிக்கிழமை. அன்றைக்குக் கதை உண்டு. டெக் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது, இப்போது அதை ஒருவரும் கேட்பதும் இல்லை. முற்றம் நிறைய ஆளிருக்கும். கதை பாதியில் இருக்கும்போது நீங்கள் வந்து சேர்ந்தால் நான் எழும்பி வர மாட்டேன். நாற்காலியும் கிடைக்காது, அதில் நான் இருப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெஸிக்குப் பின்னால் பாயில் இருங்கள். ஜெயதாஸ் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் பக்கத்தில் இடமிருக்கும்.

முகம் எப்படி மாறியிருந்தாலும் பரவாயில்லை. கடைசி இடம் வரும்போது இந்தத் தடவை கண்ணைப் பொத்தாண்டாம். கதை முடிந்து ஆட்களெல்லாம் போனபிறகு, கையைக் காட்டுங்கள்.

உங்கள்
விமலா